உயரம் என்ற கட்டம்: தீவிர சிகிச்சைப் பிரிவுகளை நடத்துகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தீவிர சிகிச்சைப் பிரிவுகளின் தலைமை மருத்துவர்களுக்கும், அங்கே இரவு பகலாக நிற்கும் செவிலியர்களுக்கும், நுரையீரல் ஆராய்ச்சிக்குத் திட்டம் வகுக்கிறவர்களுக்கும் வணக்கம்.

நான் பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுப்பவள். மருத்துவம் படித்தவள் இல்லை. ஆனால் சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஐசியுவில் 19 நாள் செயற்கை மூச்சு இயந்திரமான வென்டிலேட்டரில் கிடந்து எழுந்தவள். நிமோனியா என்று போய்ப் படுத்தேன். இரண்டே நாளில் நுரையீரலின் காற்றறைகளுக்குள் நீர் கசிந்து நிரம்பிவிட்டது. ஏ.ஆர்.டி.எஸ். என்று நீங்கள் சொல்லும் நிலை அது. 1967இல் அமெரிக்காவின் டென்வரில் ஆஷ்பாவும் பெட்டியும் அவர்களோடு வேலை செய்தவர்களும் 12 நோயாளிகளைப் பற்றி எழுதித்தான் இந்த நிலை உலகுக்கு அறிமுகமானது. அந்த 12 பேரில் 7 பேர் பிழைக்கவில்லை. அந்த வரியைப் படித்த அன்று நான் வேறெதுவும் படிக்காமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

நான் பிழைத்தேன். பிழைக்கவைத்தவர்கள் நீங்கள். இந்த மடலில் கடுமையாக ஏதாவது தெரிந்தால், இந்த ஒரு வரியையும் அதோடு சேர்த்துப் படியுங்கள்.

வீட்டுக்கு வந்து எட்டு மாதம் கழித்து என் கேஸ் ஷீட்டின் நகலைக் கேட்டு வாங்கினேன். அந்த 19 நாட்களில் எனக்கு என்ன நடந்தது என்பது என்னைத் தவிர எல்லாருக்கும் தெரிந்திருந்தது. எனக்கும் தெரிய வேண்டும் என்றிருந்தது. முதல் பக்கத்தில் பெயர், வயது, எடை, ரத்த வகை எல்லாம் இருந்தன. உயரம் என்ற கட்டம் மட்டும் காலி. முதலில் அதை நான் பொருட்படுத்தவில்லை. அடுத்தடுத்த பக்கங்களில் வென்டிலேட்டரின் அளவுகளை மணிக்கணக்கில் எழுதியிருந்தார்கள். ஒவ்வொரு மூச்சுக்கும் இயந்திரம் உள்ளே தள்ளும் காற்றின் அளவு, அதாவது டைடல் வால்யூம், முதல் மூன்று நாளும் 450 மி.லி. அது அதிகமா குறைவா என்று தெரிந்துகொள்ளத்தான் படிக்கத் தொடங்கினேன். அந்தப் படிப்பு இன்னும் நிற்கவில்லை.

நீங்கள் அறிந்ததையே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த மடலை நோயாளிகளின் வீட்டாரும் படிப்பார்கள். ஒருவருடைய நுரையீரல் எவ்வளவு பெரியது என்பதை அவருடைய உயரமும் பாலினமும் தீர்மானிக்கின்றன. உடம்பு பருத்தாலும் நுரையீரல் பருப்பதில்லை. அதனால் காற்றின் அளவை நிஜ எடையை வைத்துக் கணக்கிடக் கூடாது. உயரத்திலிருந்து கணிக்கும் எடையை வைத்துக் கணக்கிட வேண்டும். பெண்ணுக்கான சூத்திரம் இது: சென்டிமீட்டரில் உயரத்தை எழுதி 152.4ஐக் கழி, வருவதை 0.91ஆல் பெருக்கு, 45.5ஐக் கூட்டு. ஆணுக்கு 45.5க்குப் பதில் 50. என் உயரம் 151. கணக்குப் போட்டால் 44.2 கிலோ. கிலோவுக்கு 6 மி.லி. என்றால் 265 மி.லி. எனக்குள் போனது 450. கிலோவுக்குப் பத்து மி.லி.க்கும் மேல்.

450 என்ற எண்ணிலேயே பிழை இல்லை. 180 செ.மீ. உயரமுள்ள ஓர் ஆணுக்கு அதே சூத்திரத்தைப் போட்டுப் பாருங்கள்: 75.1 கிலோ, ஆறால் பெருக்கினால் 451. அவருக்கு அது மிகச் சரியான மூச்சு. மூன்று நாள் முழுக்க நான் அந்த முகம் தெரியாத உயரமான மனிதரின் மூச்சை வாங்கிக்கொண்டிருந்தேன்.

நோயுற்ற நுரையீரலில் இது இன்னும் கொடுமை. இத்தாலியின் லூசியானோ கட்டினோனி 1980களில் ஏ.ஆர்.டி.எஸ். நோயாளிகளின் சி.டி. ஸ்கேன்களைப் பார்த்துக் கண்டுபிடித்த விஷயத்தை வாசித்தபோது எனக்கு நெஞ்சு வலித்தது. நுரையீரல் முழுவதும் விறைத்துப்போவதில்லையாம். பெரும்பகுதி மூடிக்கொள்ள, ஐந்தாறு வயதுக் குழந்தையின் நுரையீரல் அளவுக்கு ஒரு சிறு பகுதி மட்டும் திறந்திருந்து வேலை செய்யுமாம். 'குழந்தை நுரையீரல்' என்றே அதற்குப் பெயர் வைத்தார். பெரியவர்களுக்கான காற்று முழுவதும் அந்தச் சின்ன இடத்துக்குள் திணிக்கப்படும்போது, பிழைத்திருந்த பகுதியும் கிழிந்து வீங்குகிறது. காப்பாற்ற வந்த இயந்திரமே காயம் செய்கிறது.

இதை 2000இலேயே நிரூபித்துவிட்டார்கள். அமெரிக்காவின் ஏ.ஆர்.டி.எஸ். ஆய்வு வலையமைப்பு 861 நோயாளிகளை இரு குழுவாகப் பிரித்தது. ஒரு குழுவுக்கு அன்றைய வழக்கப்படி கிலோவுக்கு 12 மி.லி.; மற்ற குழுவுக்கு 6. முதல் குழுவில் 39.8 விழுக்காட்டினர் இறந்தார்கள், இரண்டாம் குழுவில் 31. ஏறக்குறைய பதினொரு பேருக்குச் சிறிய மூச்சு கொடுத்தால் கூடுதலாக ஒருவர் வீடு திரும்புவார் என்று பொருள். வித்தியாசம் அவ்வளவு தெளிவாக இருந்ததால் ஆய்வை முன்கூட்டியே நிறுத்தினார்கள். அந்த ஆய்வில் இன்னொன்றும் உண்டு. முதல் சில நாட்களில் ரத்த ஆக்ஸிஜன் அளவு நன்றாக இருந்தது பெரிய மூச்சு வாங்கிய குழுவில்தான். திரையைப் பார்த்தால் அவர்கள் தேறிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் அதிகம் இறந்தவர்களும் அவர்களே. கண்ணுக்கு நன்றாகத் தெரிந்த எண்ணை நம்பிப் பல்லாண்டுகள் எத்தனை நல்ல மருத்துவர்கள் தவறான பக்கம் போயிருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன். அவர்கள்மேல் எனக்குக் கோபமே வரவில்லை. எண்ணிப் பார்க்கும் முன் யாருக்குத் தெரியும்?

எண்ணிப் பார்த்த பிறகும் நடப்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அந்த ஆய்வு வந்து 14 ஆண்டுகள் கழித்து 50 நாடுகளின் 459 ஐசியுக்களில் நான்கு வாரம் கணக்கெடுத்தார்கள். லங் சேஃப் என்ற அந்த ஆய்வின் முடிவு 2016இல் வந்தது. ஐசியுவில் சேர்ந்தவர்களில் பத்துப் பேரில் ஒருவருக்கு ஏ.ஆர்.டி.எஸ். இருந்தது. அவர்களில் 60 விழுக்காட்டினரைத்தான் மருத்துவர்கள் ஏ.ஆர்.டி.எஸ். என்று கண்டுகொண்டார்கள். கிலோவுக்கு 8 மி.லி.யோ அதற்குக் குறைவாகவோ காற்று கிடைத்தது மூன்றில் இரு பங்குக்கும் குறைவானவர்களுக்கு. பெண்களுக்கு அந்தப் பாதுகாப்பான மூச்சு ஆண்களைவிடக் குறைவாகவே கிடைத்தது என்பதும் அதே தரவிலிருந்து பிறகு தெரிந்தது. காரணம் பெரும்பாலும் உயரம். குட்டையானவர்களுக்குக் காற்று அதிகமாகப் போய்ச் சேருகிறது, ஏனென்றால் யாரும் அளக்கவில்லை.

ஏன் அளக்கவில்லை என்பதும் எனக்குப் புரிகிறது. நடுராத்திரி. நோயாளிக்கு உதடு நீலம் பாய்ந்துவிட்டது. மூச்சுக்குழாய்க்குள் ட்யூப் போட வேண்டும், ரத்த அழுத்தம் இறங்குகிறது, மருந்து ஏற்ற வேண்டும், வெளியே வீட்டார் அழுகிறார்கள். இந்த நேரத்தில் டேப்பை எடுத்து உச்சியிலிருந்து குதிகால் வரை அளக்க வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்? படுத்திருப்பவரைப் பார்த்து ஒரு குத்துமதிப்பில் போடுவார்கள். படுத்திருப்பவர் எப்போதும் நெடியவராகத் தெரிவார் என்று ஒரு செவிலியர் என்னிடம் சொன்னார். அவசரத்தில் ஒரு பழக்கமான எண் கைக்கு வந்துவிடுகிறது. 450, 500. காலையில் வருபவர் இரவில் போட்டதை மாற்றத் தயங்குகிறார். மூன்று நாள் ஓடிவிடுகிறது.

அதனால்தான் இதை ஒரு தனி மனிதரின் கவனத்துக்கு விடக் கூடாது என்கிறேன். உங்கள் பிரிவில் ஒவ்வொரு வென்டிலேட்டரின் கழுத்திலும் ஓர் அளவு டேப் தொங்கட்டும். ட்யூப் போட்ட முதல் மணி நேரத்துக்குள் உயரத்தை அளந்து, கணித்த எடையையும் அதற்கான 6 மி.லி. அளவையும் கட்டிலின் தலைமாட்டில் பெரிய எழுத்தில் எழுதட்டும். கால் மடங்கியவருக்கு முன்கை எலும்பை அளந்து உயரத்தைக் கணிக்கும் முறை இருக்கிறது. உயரக் கட்டம் காலியாக இருந்தால் அடுத்த ஷிஃப்ட் பொறுப்பை ஏற்கக் கூடாது என்று ஒரு விதி வையுங்கள். கூடுதல் ஆளோ கருவியோ இதற்குத் தேவையில்லை.

கடைப்பிடிக்க வைக்க முடியாது என்று சொல்லாதீர்கள். மிச்சிகன் மாநிலத்தின் நூற்றுக்கும் மேற்பட்ட ஐசியுக்களில் மத்திய ரத்தக்குழாய் ட்யூப் வழியே வரும் தொற்றைக் குறைக்கப் பீட்டர் ப்ரோனோவோஸ்டும் அவர் குழுவும் எடுத்துக்கொண்டவை ஐந்து எளிய செயல்கள். கை கழுவுவது அதில் முதலாவது. புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. தெரிந்ததை ஒவ்வொரு முறையும் செய்தார்கள், செய்ததை எண்ணினார்கள். 2006இல் வெளியான அந்த முடிவில், ஆயிரம் ட்யூப் நாளுக்கு (ஒருவருக்கு ஒரு நாள் ட்யூப் இருந்தால் அது ஒரு ட்யூப் நாள்) 2.7 என்றிருந்த தொற்றின் இடைநிலை அளவு சுழியத்துக்கு வந்தது.

என்னைக் குப்புறப் படுக்கவைத்தார்களா என்றும் கேஸ் ஷீட்டில் தேடினேன். ஒருமுறை, ஆறு மணி நேரம். 2013இல் பிரான்சின் க்ளோட் கெரான் தலைமையில் நடந்த ப்ரோசேவா ஆய்வில் கடுமையான நிலையிலிருந்த 466 பேர். பாதிப் பேரை இடைவிடாமல் குறைந்தது 16 மணி நேரம் குப்புறப் படுக்கவைத்தார்கள். 28 நாளில் இறந்தவர்கள் அந்தக் குழுவில் 16 விழுக்காடு. மல்லாந்தே கிடந்தவர்களில் 32.8. ஆறு பேரைப் புரட்டினால் ஓர் உயிர். ஐசியு மருத்துவத்தில் இவ்வளவு பெரிய வித்தியாசம் காட்டியவற்றை விரல்விட்டு எண்ணிவிடலாம். மல்லாந்து படுக்கும்போது இதயத்தின் கனமும் வீங்கிய நுரையீரலின் கனமும் முதுகுப் பக்கத்தை நசுக்குகின்றன. புரட்டினால் அந்தப் பகுதி திறக்கிறது, காற்று சமமாகப் பரவுகிறது, குழந்தை நுரையீரல் கொஞ்சம் வளர்கிறது. கடுமையான ஏ.ஆர்.டி.எஸ். உள்ளவர்களில் குப்புறப் படுக்கவைக்கப்பட்டவர்கள் லங் சேஃப் கணக்கில் 16.3 விழுக்காடுதான்.

புரட்ட நான்கைந்து பேர் வேண்டும். ட்யூபைப் பிடிக்க ஒருவர், இருபக்கமும் ஆட்கள், முகத்தில் புண் வராமல் தலையைத் திருப்பிவைக்கத் தெரிந்தவர். என் கேஸ் ஷீட்டில் அந்த ஆறு மணி நேரத்துக்குப் பக்கத்தில் 'ஆள் இல்லை' என்று எழுதவில்லை. ஆனால் மல்லாத்திய நேரம் ஷிஃப்ட் மாறும் நேரம். எனக்குக் கணக்கு தெரியும். நிர்வாகத்தில் இருப்பவர்களுக்கு இந்தப் பத்தி: புது இயந்திரம் வாங்க ஒப்புதல் தரும் கையெழுத்தோடு, இரவு ஷிஃப்டில் இன்னும் இரண்டு பேரை அமர்த்தவும் கையெழுத்துப் போடுங்கள்.

இந்த இடத்தில் ஒன்றை யோசிக்கிறேன். 2020 ஜூன் நடுவில் பிரிட்டனின் ரிகவரி ஆய்வு டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்தின் முடிவை அறிவித்தது. கோவிடால் வென்டிலேட்டரில் இருந்தவர்களில் 41.4 விழுக்காடாக இருந்த மரணம், அந்தப் பழைய மருந்தைத் தினம் 6 மி.கி. கொடுத்ததில் 29.3ஆகக் குறைந்தது. சில நாட்களில் உலகம் முழுதும் பழக்கம் மாறிவிட்டது. மூன்று ஆண்டு கழித்து, கடும் நிமோனியாவில் ஐசியுவுக்கு வந்தவர்களுக்கு ஹைட்ரோகார்ட்டிசோன் என்ற இன்னொரு ஸ்டீராய்டைக் கொடுத்த பிரெஞ்சு ஆய்வில் மரணம் 11.9இலிருந்து 6.2 விழுக்காடாயிற்று. இதைப் படிக்கும்போது எனக்குப் பொறாமையாக இருந்தது, என்னுடையதும் நிமோனியாதான். 2023இல், ட்யூப் போடும்போது தொண்டைக்குள் கேமராவால் பார்க்கும் வீடியோ லாரிங்கோஸ்கோப்பை வைத்துப் பார்த்தால் முதல் முயற்சியிலேயே 85 விழுக்காடு சரியாக அமைகிறது, பழைய கருவியில் 71 என்று காட்டினார்கள். 2024இல் ப்ரீஆக்ஸி ஆய்வு, ட்யூபுக்கு முன் இறுக்கமான முகமூடி வழியே அழுத்தத்தோடு ஆக்ஸிஜன் கொடுத்தால் அபாயகரமான ஆக்ஸிஜன் வீழ்ச்சி 18.5 விழுக்காட்டிலிருந்து பாதியாகிறது என்றது. இவையெல்லாம் பொன்னான வேலை. குப்பியிலும் பெட்டியிலும் வருகிற கண்டுபிடிப்பு ஓடி வந்து சேர்கிறது. மனிதர்களின் கையால் ஒவ்வொரு நாளும் செய்ய வேண்டிய கண்டுபிடிப்பு நடந்தே வருகிறது, பாதி வழியில் நின்றும்விடுகிறது. மருந்தை ஒருவர் எழுதினால் போதும், அது ஏறிவிடும். அளவு டேப்பை யாராவது கையில் எடுக்க வேண்டும்.

மயக்க மருந்தைப் பற்றிச் சொல்லாமல் இந்த மடலை முடிக்க முடியாது.

ஆழ்ந்த மயக்கம் என்று நீங்கள் எழுதிவைத்த நாட்களில் நான் உறங்கவில்லை. கிணற்றுக்குள் கட்டிப்போட்டிருந்தார்கள் என்னை. மேலே இருந்து யாரோ எண்களைச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள், நான் கூட்டிச் சொல்லாவிட்டால் என் மகளைக் கொண்டுபோய்விடுவார்கள் என்று நம்பினேன். கூட்ட முடியவில்லை. வாயில் ட்யூப். கூட்டிய விடையைச் சொல்லவும் முடியவில்லை. அந்த எண்கள் மானிட்டரைப் பார்த்து நீங்கள் உங்களுக்குள் பேசிக்கொண்டவை என்று பின்னால்தான் ஊகித்தேன். இன்றும் வகுப்பில் பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லும்போது சில நாள் எனக்குக் கை வியர்க்கிறது.

இந்தச் சித்தக் குழப்பத்துக்கு டெலிரியம் என்று பெயர் இருக்கிறது என்பதும், வென்டிலேட்டரில் இருப்பவர்களில் மிகப் பலருக்கு இது வருகிறது என்பதும் தெரியவந்தபோது அழுதேன். நான் பைத்தியமாகிவிடவில்லை என்ற நிம்மதி அது. அமெரிக்காவில் 821 ஐசியு நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து 2013இல் வெளியிட்ட ஆய்வில் 74 விழுக்காட்டினருக்கு டெலிரியம் வந்திருந்தது. மூன்று மாதம் கழித்து அவர்களின் சிந்தனைத் திறனைச் சோதித்தார்கள். நான்கு பேரில் ஒருவருக்கு அது ஆரம்ப நிலை அல்ஸைமர் நோயாளியின் அளவுக்கு இறங்கியிருந்தது. எத்தனை நாள் டெலிரியம் நீடித்ததோ அவ்வளவு மோசம். மனநோய்க்குக் கொடுக்கும் ஹாலோபெரிடால் மருந்தைக் கொடுத்துச் சரிசெய்துவிடலாம் என்று வெகுநாள் நம்பினார்கள். 2018இல் மைண்ட் ஆய்வு, அந்த மருந்துக்கும் வெறும் உப்பு நீருக்கும் வித்தியாசம் இல்லை என்றது.

என்ன செய்யலாம் என்பதும் தெரிந்ததுதான். 2000இல் ஜான் கிரெஸ் குழுவினர் 128 பேரில் பாதிப் பேருக்குத் தினம் ஒருமுறை மயக்க மருந்தை நிறுத்தி எழுப்பினார்கள், 7.3 நாள் வென்டிலேட்டரில் கிடக்க வேண்டியவர்கள் 4.9 நாளில் வெளிவந்தார்கள். 2008இல் அதோடு, எழுப்பிய உடனே சொந்தமாக மூச்சுவிட முடிகிறதா என்ற சோதனையையும் சேர்த்துச் செய்தபோது ஓராண்டுக்குள் இறந்தவர்களே குறைந்தார்கள். என் கேஸ் ஷீட்டில் முதல் ஒன்பது நாளில் இப்படி எழுப்பிப் பார்த்ததற்கான குறிப்பு ஒன்றுகூட இல்லை.

உங்கள் துறை பிறந்த கதையைப் படித்தபோது எனக்கு வியப்பு இதில்தான். 1952இல் கோபன்ஹேகனில் போலியோ. மூச்சு நின்றுபோன பிள்ளைகளுக்கு இரும்பு நுரையீரல் இயந்திரங்கள் போதவில்லை. மயக்கவியல் மருத்துவர் பியோர்ன் இப்சன் தொண்டையில் துளையிட்டு ட்யூப் வைத்து, ரப்பர் பையைக் கையால் அமுக்கிக் காற்று கொடுக்கச் சொன்னார். ஏறக்குறைய 1500 மருத்துவ மாணவர்கள் முறைவைத்து மாதக்கணக்கில் பையை அமுக்கினார்கள். அந்தப் பிள்ளைகள் விழித்திருந்தார்கள். மாணவர்கள் ஒரு கையால் மூச்சு கொடுத்துக்கொண்டே அவர்களுக்குக் கதை படித்துக் காட்டினார்கள். மரணம் பாதிக்கும் கீழே இறங்கியது. உலகின் முதல் ஐசியு அதிலிருந்துதான் வந்தது. தொடக்கத்தில் மூச்சு கொடுப்பவருக்கு நோயாளியின் முகம் தெரிந்திருந்தது.

விழிப்பை வழிபாடாக்கவும் நான் கேட்கவில்லை. 2020இல் நான்சிடா ஆய்வு, மயக்க மருந்தே கொடுக்காமல் விட்டாலும் லேசாகக் கொடுத்தாலும் மரணத்தில் வித்தியாசம் இல்லை என்றது. 2022இல் டீம் ஆய்வு, வென்டிலேட்டரில் இருக்கும்போதே முன்கூட்டி அதிகமாக எழுப்பி நடமாட வைத்தால் கூடுதல் பலன் கிடைக்காது, அசம்பாவிதங்கள்தான் கூடும் என்று காட்டியது. 2025இல் பிரிட்டனில் 16,500 பேரை வைத்து, ஆக்ஸிஜன் இலக்கைக் குறைத்துவைத்தால் உயிர் பிழைப்பது கூடுமா என்று பார்த்தார்கள், கூடவில்லை. எதிர்பார்த்தது நடக்காத இந்த ஆய்வுகளை நடத்தி, மறைக்காமல் வெளியிட்டவர்களுக்கு என் தனி நன்றி. எங்கள் உடம்பில் எதைச் செய்யாமல் விடலாம் என்பதை அவர்கள்தான் சொல்லித்தருகிறார்கள்.

ஆக்ஸிஜன் என்றதும் விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்ஸிமீட்டர் நினைவுக்கு வருகிறது. 1970களில் ஜப்பானின் தாகுவோ அயோயாகி அதன் தத்துவத்தைக் கண்டுபிடித்தார். எத்தனை கோடிப் பேரின் உயிரை அது காத்திருக்கும்! ஆனால் 2020இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தார், கருவி 92 முதல் 96 வரை காட்டிய நேரத்தில் ரத்தத்தில் உண்மையான அளவு 88க்கும் கீழே இருந்தவர்கள் வெள்ளையர்களில் 3.6 விழுக்காடு, கருப்பினத்தவரில் 11.7 என்று எழுதினார்கள். என் தோல் கருப்பு. மருத்துவமனைக்குப் போகத் தாமதித்த அந்த ஒன்றரை நாளும் விரல் கருவி 93 காட்டியது. அது பொய் சொன்னது என்று என்னால் நிரூபிக்க முடியாது. 2024இல் வந்த ஏ.ஆர்.டி.எஸ். வரையறை ரத்தப் பரிசோதனை இல்லாத இடங்களிலும் நோயைக் கண்டுகொள்ள விரல் கருவியை ஏற்றுக்கொண்டிருக்கிறது. அல்ட்ராசவுண்டையும், மூக்கு வழியே வேகமாக ஆக்ஸிஜன் பெறுபவர்களையும் சேர்த்துக்கொண்டிருக்கிறது. ஏழை நோயாளிகளின் பெயரும் இனிக் கணக்கில் வரும், நல்லது. அதனாலேயே எல்லாத் தோலிலும் சரியாக அளக்கும் கருவி இப்போது இன்னும் அவசரம். கருவி தேர்வுசெய்யும் குழுவில் இருப்பவர்கள், எத்தனை கருந்தோல் கொண்டவர்களிடம் இதைச் சோதித்தீர்கள் என்று விற்பவரிடம் கேளுங்கள்.

ஆராய்ச்சிக்குத் திட்டம் வகுக்கிறவர்களே, இனி உங்களிடம். உங்கள் ஆய்வுகளில் பெரும்பாலும் 28ஆம் நாள் எண்ணுகிறீர்கள், இல்லாவிட்டால் 90ஆம் நாள். உயிரோடு இருந்தால் வெற்றி. 28ஆம் நாள் நான் உயிரோடு இருந்தேன். ஸ்பூனைப் பிடிக்க முடியவில்லை. உங்கள் அட்டவணையில் நான் நல்ல பக்கத்தில் இருந்திருப்பேன்.

கனடாவின் மார்கரெட் ஹெரிட்ஜ் இந்த 28ஆம் நாளுக்குப் பின்னால் போனவர். ஏ.ஆர்.டி.எஸ்.இலிருந்து பிழைத்த 109 பேரை அவர் தொடர்ந்து பார்த்தார். ஐசியுவை விட்டுப் போகும்போது அவர்கள் தங்கள் எடையில் 18 விழுக்காட்டை இழந்திருந்தார்கள். ஓராண்டு கழித்தும் ஆறு நிமிடத்தில் நடந்த தூரம் எதிர்பார்க்கத்தக்கதில் மூன்றில் இரு பங்கு. பாதிப் பேர்தான் வேலைக்குத் திரும்பியிருந்தார்கள். ஐந்தாண்டு கழித்தும் அந்த நடை முழுதாக மீளவில்லை. அதில் பெரும்பாலோரின் நுரையீரல் நன்றாகவே தேறியிருந்தது என்பதுதான் என்னை உலுக்கியது. தேறாதது தசையும் நரம்பும் மனமும். 2012இல் இதற்கு ஐசியு பிந்தைய நோய்க்குறி என்று பெயர் சூட்டினார்கள்.

என் ஓராண்டை நான் சொல்கிறேன். கரும்பலகையின் மேல்வரிசைக்குக் கை உயரவில்லை. கீழ்ப்பாதியில் மட்டும் எழுதினேன், பிள்ளைகள் தலையைத் தூக்காமலேயே படித்தார்கள். இருபடிச் சமன்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு அடுத்த வரி என்ன என்று நின்றேன். பதினெட்டு வருடம் சொல்லிக்கொடுத்த பாடம். பின்பெஞ்சுப் பையன் ஒருவன் மெல்ல எடுத்துக்கொடுத்தான். இதை எந்த மருத்துவரிடம் போய்ச் சொல்வது? நுரையீரல் மருத்துவர் எக்ஸ்ரேயைப் பார்த்துச் சுத்தமாக இருக்கிறது என்று வாழ்த்தி அனுப்பினார். ஐசியு மருத்துவர்களை அதன்பின் நான் பார்க்கவே இல்லை. அவர்களும், தாங்கள் காப்பாற்றிய பெண் எப்படி நடக்கிறாள் என்று பார்க்கவில்லை.

எனவே ஆய்வுக்குப் பணம் ஒதுக்குபவர்கள், ஒவ்வொரு பெரிய ஆய்விலும் ஓராண்டுக் கணக்கையும் கேளுங்கள்: நடக்கிறாரா, வேலைக்குப் போகிறாரா, பெயர்கள் நினைவிருக்கின்றனவா, இரவில் தூங்குகிறாரா. ஐசியு நடத்துகிறவர்கள், வீட்டுக்கு அனுப்பியவர்களை மூன்றாம் மாதத்தில் ஒருமுறையாவது கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசுங்கள். ஸ்காண்டிநேவிய நாடுகளில் செவிலியர்கள் நோயாளிக்காக நாட்குறிப்பு எழுதும் பழக்கம் இருக்கிறது. 'இன்று உங்கள் மகள் வந்தாள், நீங்கள் கண் திறந்தீர்கள்' என்பதுபோல. 2010இல் ஓர் ஐரோப்பிய ஆய்வில் அது மனவடுவைக் குறைத்தது, 2019இல் பிரெஞ்சு ஆய்வில் குறைக்கவில்லை. என் மகள் ஒரு நோட்டில் 19 நாளும் எழுதினாள். விழுக்காடு எதுவானாலும், கிணற்றுக்குள் நான் இருந்த ஒவ்வொரு தேதியிலும் அவள் என் கட்டிலுக்கு வெளியே பத்திரமாக இருந்தாள் என்று எனக்கு அந்த நோட்டுதான் சொன்னது.

முதல் மூன்று நாள் 450 என்று சொன்னேன். அந்த மூன்று நாளால்தான் எனக்கு இன்னது ஆயிற்று என்று நான் சொல்லவே மாட்டேன். 39.8க்கும் 31க்கும் உள்ள வித்தியாசம் நூற்றுக்கணக்கான பேரில்தான் தெரியும், ஒருவரின் உடம்பில் தெரியாது. நிகழ்தகவை நானே சொல்லிக்கொடுக்கிறேன்.

நான்காம் நாள் காலை, 6.40க்கு, அந்தத் தாளில் எழுத்து மாறுகிறது. கருப்பு மை போய் நீல மை. டைடல் வால்யூம் என்ற வரிசையில் 450ஐ அடித்துவிட்டு 270 என்று எழுதியிருக்கிறது. ஓரத்தில், இடமில்லாத இடத்தில், சாய்வாக: 'உய. 151. டேப் வைத்து அளந்தது.' அதன்பின் எந்தப் பக்கத்திலும் 270க்கு மேல் போகவில்லை. முதல் பக்கத்துக் கட்டத்தைக் கடைசிவரை யாரும் நிரப்பவில்லை.

கையெழுத்துக்குக் கீழே பெயர் இல்லை. மருத்துவரா, செவிலியரா, பயிற்சிக்கு வந்த மாணவரா தெரியாது. ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்குப் போகும் நேரத்தில், யாரும் சொல்லாமல், ஒரு டேப்பை எடுத்து என் உச்சியிலிருந்து குதிகால் வரை அளந்திருக்கிறீர்கள். இந்த மடல் உங்கள் கண்ணில் பட்டால், அந்தப் பக்கத்தின் நகல் என்னிடம் இருக்கிறது.

இப்படிக்கு,
151 செ.மீ. உயரமுள்ள ஒரு கணக்கு டீச்சர்